கீழறைக்குள் வந்த தண்ணீர்

நவம்பர், செவ்வாய் இரவு

கொட்டாஞ்சேனையில் எங்கள் ஒழுங்கைக்குத் தார் போடும்போதெல்லாம் ரோட்டு உயர்கிறது, வீடு இன்னும் பள்ளமாகிறது. அதனால்தான் போன மாதம் கீழறை வாசலில் முழங்கால் உயரத்துக்குச் சீமெந்துத் தடுப்புக் கட்டுவித்தேன். இன்று மத்தியானம் பெய்த மழையில் ஒழுங்கை ஆறாக ஓடியது. ஒரு சொட்டுக்கூடத் தடுப்பைத் தாண்டவில்லை. வாசலில் நின்று பெருமையாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். திரும்பினால் தரையெல்லாம் தண்ணீர்! குளியலறைத் தண்ணீர் போகிற குழி வழியாகவே ஏறி வந்திருக்கிறது. வந்தது வெளியே போகவும் வழியில்லை. என் தடுப்பே அதை உள்ளே பிடித்து வைத்திருந்தது.

என் கணவர் சிரித்தார். "நான் அப்பவே சொன்னனான். நாளைக்கு மேசனைக் கூப்பிட்டு உடைப்பம்."

"மேசன் வரட்டும். உடைக்கிறதுக்கில்லை, தண்ணி திரும்பி ஏறாமல் குழிக்கு வால்வு போடுறதுக்கு. தடுப்பில ஆரும் கை வைக்க விடமாட்டன்."

குழிக்குள் பழைய சாக்கை அடைத்து, மேலே அம்மியைத் தூக்கி வைத்தேன். பிறகு வாளி வாளியாக அள்ளி, என் தடுப்புக்கு மேலாலேயே வெளியே ஊற்றினேன். இடுப்பு முறிகிறது. முறியட்டும்.

வால்வு வரும்வரை அம்மி அங்கேதான் இருக்கும். நாளை காலை இடியப்பத்துக்கு அவருக்குச் சம்பல் வேண்டுமாம். குளியலறையில் போய்க் குந்தி அரைக்கட்டும்.