அப்பா நெஞ்சில் தூங்குகிறவள்

மார்ச் 6
இன்றும் அவரிடம்தான் தூங்கினாள்.

குறைமாசப் பிள்ளையைக் கண்ணாடிப் பெட்டியிலிருந்து எடுத்து வெறும் நெஞ்சில் போட்டு அணைத்துக்கொள்ள வேண்டும். காலையில் நான், சாயந்திரம் வேலை முடிந்து அவர். என்கிட்ட வந்தால் மூச்சைக் கவனிக்கிற மானிட்டர் கத்துகிறது. அவர்கிட்ட போனால் சுருண்டு படுத்துக்கொள்கிறாள். சுமந்தது நான், வயிற்றைக் கிழித்துக்கொண்டது நான். தூக்கம் மட்டும் அங்கேயா?

போனில் மாமியார் வேறு: "அப்பா செல்லம் போலிருக்கே!" ஆமா, இது ஒண்ணுதான் குறைச்சல்.

மார்ச் 7
அவளுக்குக் கதை சொல்கிறார். பஸ்ஸில் எவரோ குடையை விட்டுவிட்டு இறங்கிய கதை. அதெல்லாம் ஒரு கதையா? சிஸ்டர்கள் சிரிக்கிறார்கள். எனக்கு வயிறு எரிகிறது.

மார்ச் 9
செய்யக் கூடாததைச் செய்துவிட்டேன்.

வார்டு வாசலிலேயே அவரை மறித்து, "உள்ள ஏதோ தொற்றாம், இன்னிக்கு அப்பாக்களை விடமாட்டாங்களாம்"னு சொன்னேன். பாவி மனுஷன் நம்பிட்டார். அவர் நேரத்தில் நான் போய் உட்கார்ந்தேன்.

கொஞ்ச நேரத்துல மூச்சை நிறுத்திட்டா. உதடெல்லாம் நீலம். சிஸ்டர் ஓடிவந்து பாதத்தைச் சுண்டினதும் மூச்சு விட்டா. "இந்த மாசத்துல பொறந்ததுங்க அப்பப்ப மூச்சு விட மறந்துடும்மா, பயப்படாதீங்க." நான் "எடுத்துக்கோங்க, எடுத்துக்கோங்க"ன்னு கத்திட்டேன்.

வெளியே வந்தால், சுத்தமாக வந்தால் விடுவார்களோ என்று குளித்து, சட்டை மாற்றி, ஈரத் தலையோடு அங்கேயே நிற்கிறார். "என்ன பண்றா?"
"தூங்குறா."

மார்ச் 10
என்னை அவளுக்குப் பிடிக்கவில்லையோ?

மார்ச் 12
வார்டு அம்மாக்களுக்கு ஒரு கூட்டம். மனசில் இருப்பதைப் பேசலாமாம். வாயைத் திறக்கக் கூடாது என்றுதான் போனேன். "எனக்கு என் புருஷன் மேல பொறாமையா இருக்கு" — எப்படி வந்ததோ!

இரட்டைப் பிள்ளைக்காரி சொன்னாள்: "லிஃப்ட்ல ஒருத்தி நிறைமாசமா ஏறினா நான் இறங்கிப் படியில போறேன்." இன்னொருத்தி: "பக்கத்துப் பெட்டிப் பிள்ளைக்கு எடை ஏறினா அன்னிக்கு எனக்குச் சோறு இறங்காது." அழுதுகொண்டே சிரித்தோம்.

சிஸ்டர் மட்டும் விடவில்லை. "நீங்க பிள்ளையை எங்கம்மா பாக்கறீங்க? மானிட்டரைத்தானே பாக்கறீங்க. அது கத்தின உடனே என் கையில குடுத்துடறீங்க. உங்க வீட்டுக்காரர் அந்தப் பக்கம் திரும்பறதே இல்ல."

சுருக்கென்றது.

சாயந்திரம் அவரிடம் பொய்யை ஒப்புக்கொண்டேன். "அவளுக்குத்தான் தொற்றோன்னு நான் செத்துப் பொழைச்சேன்" என்றார்.

மார்ச் 13
"சாப்பிட்டியா?" அவ்வளவுதான் பேச்சு.

மார்ச் 16
நான்கு நாளாக நாற்காலியை மானிட்டருக்கு முதுகு காட்டித் திருப்பிப் போட்டு உட்காருகிறேன். இன்று லீவு போட்டுவிட்டு அவரும் காலையிலேயே வந்து பக்கத்தில் நின்றார்.

மானிட்டர் கத்துவதற்கு முன்பே எனக்குத் தெரிந்தது. என் நெஞ்சில் அந்தக் குட்டி வயிறு அசையவில்லை. "சிஸ்டர்!" என்று அவர் ஓடினார். நான் முதுகைத் தேய்த்தேன். "ஏய், மூச்சு விடுடி. அம்மாகிட்ட என்ன பிடிவாதம்? விடு."

விட்டாள். சிஸ்டர் வரும்போது கன்னத்தை என்மேல் அழுத்திக்கொண்டு தூங்கிக்கொண்டிருந்தாள்.

அவர் முகம் வெளிறிப்போயிருந்தது. கையை நீட்டி, "என்கிட்ட குடேன்" என்றார். அந்தக் குரலை எனக்குத் தெரியும். பத்து நாளாக எனக்குள் இருந்த குரல்.

"கை கழுவிட்டு வாங்க."
கழுவிட்டு வந்தார்.
"நல்லா கழுவிட்டு வாங்க."