பின் சக்கரத்துக் கம்பி வலை

பின்முற்றத்திலிருந்து கறுப்புப் பெயின்ட் மணம் சமையலறை வரை வருகிறது. நம் மகன் உங்கள் மோட்டார் சைக்கிளைக் கழற்றிப் போட்டுவிட்டு, எந்த ஸ்டைலில் திரும்பக் கட்டலாம் என்று யோசிக்கிறான். "அப்பாவுக்கு ஸ்டைல் கிறுக்கும்மா. அதாலதான ஒங்க காலு இப்படி ஆச்சு," என்று போகிற போக்கில் சொன்னான்.

நீங்கள் மாத்தளையில் கராஜ் வேலைக்குப் போய்வந்த காலம். பட்டாளத்துக்காரர்கள் விட்டுப்போன வண்டியின் சட்டம், வேறொன்றின் எஞ்சின் என்று சேர்த்து வைத்திருந்தீர்கள். பத்திரிகையில் வெட்டிய இரண்டு படங்களை என் முன்னால் வைத்து, எது வேண்டும் என்று கேட்டீர்கள். ஒன்று குடும்பஸ்தன் வண்டி. மற்றது ரேஸ் வண்டி, தாழ்ந்த ஹேண்டிலும் குட்டை மட்கார்டுமாக. நான் ரேஸ் வண்டியைத் தொட்டேன். அப்படியே கட்டினீர்கள். ஆனால் பின் சக்கரத்தில் சேலை சிக்காமலிருக்க ஒரு கம்பி வலையையும் பூட்டி வைத்தீர்கள்.

"இதென்ன கோழிக்கூடு? கழட்டுங்க."

"நீ ஒருபக்கமா ஒக்காந்து வர்றவ. வயித்துல புள்ள வேற இருக்கு."

"முந்தானைய இடுப்புல சொருகிக்கிறேன். எனக்குத் தெரியாதா?"

மூன்று நாள் நான் முகங்கொடுத்துப் பேசவில்லை. நாலாம் நாள் கழற்றினீர்கள்.

யட்டவத்தையில் என் அப்பா வீட்டுக்குத்தான் முதல் பயணம். "சொருகிட்டியா?" என்று இரண்டு தரம் கேட்டீர்கள். சொருகித்தான் இருந்தேன். வழியில் மாதா கோயில் வந்தது. தலையை மூடாமல் எப்படிக் கடப்பது? முந்தானையை உருவித் தலையில் போட்டுச் சிலுவை போட்டுக்கொண்டேன். காற்று அதைப் பறித்தது.

ஒரே இழுப்பு. ரோட்டில் கிடந்தேன், சேலை சக்கரத்தில் இறுகியிருந்தது. ரோட்டோர வீட்டுச் சிங்கள அம்மா ஒருத்தி கத்தியோடு ஓடிவந்து அதை அறுத்தாள். "பய வென்ன எப்பா," பயப்படாதே என்றாள். எனக்குக் கால் வலி தெரியவில்லை. நீங்கள் மண்டியிட்டு என் வயிற்றில் கைவைத்துக் காத்திருந்தீர்கள். பிள்ளை அசையவில்லை. யாரோ தந்த வேனில் போகும்போதும் கையை எடுக்கவில்லை. மாத்தளைக்குக் கிட்டே வந்த பிறகுதான் ஒரு உதை விழுந்தது. நீங்கள் அழுததை அன்றுதான் பார்த்தேன்.

ஆஸ்பத்திரிக்கு அப்பா வந்தார். "எம்மகள வச்சா ஸ்டைல் காட்டுனீங்க?"

"ஆமாங்க மாமா. என் தப்புதான்."

நான் தூங்கவில்லை. எல்லாம் கேட்டது. கண்ணை இறுக்கி மூடிக்கொண்டேன்.

ஏன் அப்படிச் சொன்னீர்கள் என்று பிறகு கேட்டேன். "அவரு எங்கூட பேசாட்டி பரவால்ல. ஒங்கூட பேசணும்ல," என்றீர்கள். அப்பா சாகும்வரை உங்களோடு பேசவேயில்லை. நத்தார்ப் பண்டிகைக்கு வந்தால் உங்களுக்கு முதுகைக் காட்டித்தான் சாப்பிடுவார். நீங்கள் தண்ணீர் எடுத்து வைப்பீர்கள். நான் பரிமாறிக்கொண்டிருப்பேன், கோழை.

இன்று பின்முற்றத்துக்குப் போனேன். "பின் சக்கரத்து வலையக் கழட்டச் சொன்னது நாந்தான்யா. அப்பா இல்ல," என்றேன்.

அவன் பெயின்ட் பிரஷைக் கீழே வைத்தான். "அப்பா இருக்கறப்ப ஏம்மா சொல்லல?"

நீங்கள் இருந்த அத்தனை நாளும் எனக்கு வாய் இருந்தது.