தையல் பிரிக்க வந்தவர்

அப்பா,

இன்று மதியம் ஒரு நோயாளிக்குத் தையல் போட உறையைக் கிழித்து எடுத்த நூல் சுருண்டே நின்றது. உடம்பிலேயே கரையும் நூலுக்கு அந்தக் குணம் உண்டு. விரல்களுக்கிடையே மெல்ல இழுத்தால்தான் நேராகும். இழுத்துக்கொண்டிருந்தேன். ஜன்னலில் ஆடிக்காற்று. மேஜையில் படுத்திருப்பது நீங்கள்தான் என்று தோன்றிவிட்டது.

நான் விரும்பியவரைக் கட்டிக்கொண்டதிலிருந்து நீங்கள் என்னோடு பேசவில்லை. அப்படிப்பட்ட நீங்கள் ஒருநாள் பனவடலிசத்திரத்திலிருந்து பஸ் ஏறி என் ஆஸ்பத்திரிக்கு வந்து, டோக்கன் வாங்கி, மற்ற நோயாளிகளோடு உட்கார்ந்திருந்தீர்கள். நெற்றியில் கட்டி, அதன்மேல் கோயில் புற்றுமண். உள்ளே வந்ததும், "டாக்டரம்மா, இதப் பாக்கணும்" என்றீர்கள், சுவரைப் பார்த்து. கட்டியைக் காட்ட வந்தீர்களா, மகளைப் பார்க்க வந்தீர்களா என்று கேட்க எனக்குத் தைரியம் இல்லை.

மண்ணைத் துடைத்தேன். ஊசி போட்டு மரத்த நெற்றியில், சுருக்கத்தின் போக்கிலேயே கீறிக் கட்டியை எடுத்தேன். நூலை இடுக்கியால் நசுக்காமல், முடிச்சுகள் தோலுக்கடியில் புதையும்படி தைத்தேன். மேல்தோலுக்கும் அதே நூல்தான். நீங்கள் கண்மூடிக் கிடந்தீர்கள். எனக்கு எல்லாமே கனவில் நடப்பதுபோல இருந்தது. உங்கள் முகத்தை அவ்வளவு நேரம் நான் தொட்டதே இல்லை.

முடிந்ததும் வழக்கம்போலச் சொல்லிவிட்டேன்: "நூல் தானா கரைஞ்சிரும். தையல் பிரிக்க வரவேண்டாம்."

உங்கள் முகம் வாடியது. அப்புறம்தான் எனக்கு உறைத்தது. சாதா நூலைப் போட்டிருந்தால் நீங்கள் இன்னொரு தடவை வந்தே ஆகவேண்டும். என்மேலேயே எனக்கு ஆத்திரம் வந்தது.

அடுத்த வாரம் வந்து நின்றீர்கள். "தையல் பிரிக்க வந்தேன்."

பிரிக்க ஒன்றுமில்லை. இருந்தாலும் விளக்கைப் பக்கத்தில் இழுத்து, நெற்றியைத் தடவிப் பார்த்து, "இன்னும் கொஞ்சம் ஆறணும்ப்பா, அடுத்த வாரம் வாங்க" என்றேன். வந்தீர்கள். தழும்பைத் தேடிப் பிடிக்க வேண்டியதாகிவிட்ட பிறகும் வந்தீர்கள், சில நாள் பையில் கத்தரிக்காயோடு. ஒருநாள் பொறுக்காமல் கேட்டேன், "நூல் கரைஞ்சிரும்னு தெரியும்லாப்பா?"

"தெரியாம என்ன ஏட்டி. நீ வரச் சொல்லுத, நான் வாரேன்" என்று சிரித்தீர்கள்.

கடைசித் தடவையும் வரச் சொல்லித்தான் அனுப்பினேன். அந்த வாரம் உங்களுக்குப் பதிலாக, நீங்கள் போய்விட்ட செய்திதான் வந்தது.

இன்று மேஜையில் இருந்தவர் ஒரு பெரியவர். தைத்து முடித்ததும், "திரும்ப வரணுமாம்மா?" என்று கேட்டார். நூல் தானாகக் கரைந்துவிடும், வரத் தேவையில்லை. அதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை, அப்பா. "வாங்க" என்றேன்.