பைனலுக்கு வராத சேவியருக்கு

பிரியமுள்ள தம்பி சேவியர்,

நீ போன பிறகு நான் அரியலூர் பக்கம் வருவதே குறைந்துவிட்டது. போன வாரம் வந்தேன். பெரம்பலூரிலிருந்து சென்னைக்கு நேர் பஸ் இருக்க, அரியலூர் வந்து நீ வழக்கமாக ஏறும் ரயிலில் ஏறினேன். ஏன் என்று கேட்பாய்.

உன் மகள் அருள்மேரி கூடைப்பந்து ஆடும் கம்பெனி அணியின் மேலாளர் எனக்குப் போன் செய்தார். சம்பளத்துக்கு ஆடுகிறவர்களுக்கு வருடந்தோறும் ஒப்பந்தம் புதுப்பிக்க வேண்டுமே, அந்தப் பேச்சு வந்திருக்கிறது. "சார், அந்தப் பொண்ணு ஸ்கூல்ல ஆடுன காலத்துலேருந்து நீங்க எழுதுறீங்க. பெரிய மேட்ச்ல நிப்பாளா? வச்சுக்கறதா வேணாமான்னு முடிவு பண்ணணும்" என்றார்.

நீயும் நானும் வருடக்கணக்காகச் சண்டை போட்ட அதே கேள்வி. பதில் நாக்கு நுனியில் இருந்திருக்க வேண்டும். இல்லை.

பத்திரிகையில் என்னை இறுதிப் போட்டிக்குத்தான் அனுப்புவார்கள். மற்ற ஆட்டங்களுக்கு முடிவு மட்டும் போனில் வரும், இரண்டு வரி எழுதினால் போதும். அதனால் நான் பார்த்ததெல்லாம் பைனல் அருள். பந்து கைக்கு வந்ததும் கூடையைப் பார்க்காமல் பக்கத்தில் நிற்பவளைத் தேடுவாள். யாரும் தடுக்காத ஃப்ரீ த்ரோவைக்கூட வளையத்தில் இடித்துவிடுவாள். நீயோ பைனலுக்கு வரவே மாட்டாய். சிமென்ட் ஆலை எடைமேடை வேலைக்கு லீவு சொல்லிவிட்டு, லீக் ஆட்டங்களுக்கு மட்டும் ரயில் ஏறுவாய். "பைனலுக்கு ஊரே வருது, நான் ஒருத்தன் எதுக்கு? லீக்குக்குத்தாண்ணே ஆள் வேணும்" என்பாய்.

அரியலூர் பஸ் ஸ்டாண்டு டீக்கடை நினைவிருக்கிறதா?

"நல்லாத்தான் ஆடுறா உம் பொண்ணு. கப்பு குடுக்குற அன்னிக்கு மட்டும் காணாமப் போயிடுறா" என்பேன்.

"நீங்க எங்கண்ணே மேட்ச் பாத்தீங்க? கூட்டத்தப் பாத்துட்டு வந்துட்டீங்க. டீ ஆறுது, குடிங்க" என்பாய்.

கடைக்காரர் ஒருநாள் பொறுக்க முடியாமல், "ரெண்டு பேரும் ஒரே புள்ளையப் பத்தித்தான் பேசுறீங்களா?" என்று கேட்டார். சிரித்துவிட்டு எழுந்து வந்தோம்.

மேலாளரிடம், "நான் பாத்தது பாதிதான் சார். மீதியப் பாத்தவரு இப்ப இல்ல. கொஞ்ச நாள் பொறுங்க" என்று சொல்லிவிட்டுத்தான் ரயில் ஏறினேன்.

சென்னையில் அருளுக்குக் காலை லீக் ஆட்டம். உள்ளரங்கில் வரிசை வரிசையாகக் காலி நாற்காலிகள். அரியலூர்க்காரர் ஒருவர் வருவாரே, எங்கே உட்காருவார் என்று காவலாளியிடம் கேட்டேன். "சேவியர் சாரா? அந்தத் தூணோரம். இன்னிக்கி வரலியா?" என்றார். நீ இறந்துபோன விஷயத்தைச் சொன்னேன். அவர் மின்விசிறியை அந்தத் தூண் பக்கம் திருப்பிவிட்டுப் போனார்.

ஆட்டம் ஒருதலையாகப் போனது. முன்னிலை கூடக் கூட அருளின் அணியில் மற்றவர்கள் நடக்க ஆரம்பித்தார்கள். அவள் நடக்கவில்லை. பந்து கைமாறும்போதெல்லாம் தன் கூடையைக் காக்க முதலில் திரும்பியவள் அவள்தான். இடது மூலையிலிருந்து அவள் எறிந்த பந்துகள் வளையத்தில் படாமல் வலைக்குள் இறங்கின. நான் கைதட்டினேன். அந்த ஒற்றைச் சத்தம் கூரையில் மோதித் திரும்பி வந்தபோது எனக்கே கூச்சமாக இருந்தது. நீ தட்டுவாயா, சும்மா பார்ப்பாயா? உன்னிடம் கேட்டதே இல்லை.

ஆட்டம் முடிந்து வந்தவள், "பெரியப்பா, இன்னிக்கி பைனல் இல்லியே, நாள் மாறி வந்துட்டீங்களா?" என்றாள்.

"உங்கப்பன் சொன்னது நெசமான்னு பாக்க வந்தேன்."

"வெறுங்கையோடவா? அப்பா வறுத்த கடலை வாங்கிட்டு வருவாரு." சிரித்தபடியே குனிந்து, அவிழாத ஷூ கயிற்றைக் கட்டினாள்.

"பைனல்னா மட்டும் ஒனக்கு என்னடி ஆகுது?"

"தெரியல பெரியப்பா. அன்னிக்கி எல்லாரும் என்னையே பாக்குறாங்க. மத்த நாள்ல அப்பா மட்டுந்தான். அதுவும் பாதி நேரம் கடலைய உரிச்சுக்கிட்டு."

திரும்பி வந்து அரியலூரில் இறங்கினேன். நீ சொன்னது சரிதான்டா என்று யாரிடம் சொல்வது? வாதத்தில் தோற்றுப்போனால் அதை ஒப்புக்கொள்ளவும் எதிரே ஆள் இருக்க வேண்டும் போலிருக்கிறது.

மேலாளரிடம் பார்த்ததைப் பார்த்தபடி சொன்னேன். "மத்த நாளெல்லாம் முழுசா ஆடுறா. பைனல்ல பாதிதான். ரெண்டும் நெசம் சார்."

"சரிங்க சார், பைனல் வரைக்கும் இவ கொண்டாந்து சேத்துருவா. கப்ப யாரு எடுக்குறது?"

நீ இருந்தால் சட்டென்று ஏதாவது சொல்லியிருப்பாய். என்ன சொல்லியிருப்பாய்?

அடுத்த வருடத்துக்கும் அவளை வைத்துக்கொண்டார்கள், சேவியர். ஆனால் தொடக்க ஐவரில் இல்லை, மாற்று ஆட்டக்காரியாகத்தான். நேற்று அவளே போனில் சொன்னாள். "பரவால்ல பெரியப்பா. பெஞ்சுலேருந்து எறங்குனாலும் அதே ஓட்டந்தான்" என்றாள். குரலில் நடுக்கம் இல்லை. வைத்த பிறகு என்ன செய்தாள் என்று எனக்குத் தெரியாது.

இனி லீக் ஆட்டங்களுக்கும் நான் போவேன். பைனலுக்கும் போவேன், அது என் வேலை. இரண்டையும் பார்த்துவிட்டு உன் பக்கத்தையும் நானே பேசுகிறேன், நீ பேசியதைவிடக் கடுமையாகவே. உன்னைத் தோற்க விடமாட்டேன்.

இப்படிக்கு,
உன் கூடப் பிறக்காத அண்ணன்,
அருளின் பெரியப்பா,
பெரம்பலூர்