என் காலுக்கு வாங்கின ஸ்கேட்

கண்ணா,

நான் சுகமா இருக்கேன். நீயும் அங்க வேளாவேளைக்குச் சாப்பிட்டு, தூங்கி, உடம்பை நல்லபடியா வச்சிருக்கேன்னு நம்பித்தான் இதை எழுத உக்காந்திருக்கேன். என்னடா இது, கையில போன் இருக்கும்போது அம்மா காகிதமும் பேனாவுமா கிளம்பிட்டாளேன்னு நினைப்ப. காரணம் இருக்கு. போன்ல ஒரு விஷயத்தை நான் ஆரம்பிச்சா நீ பாதியிலேயே ஏம்மா உனக்கு இந்த வேண்டாத வேலைன்னு குறுக்க விழுவ, அப்புறம் மீட்டிங் இருக்கும்மா வைக்கிறேன்னு வச்சிடுவ. கடிதத்துல குறுக்க பேச முடியாது பார், அதான். முழுசாப் படி, படிச்சு முடிச்சுட்டுத் திட்டு.

வீட்டுல எல்லாம் அப்படியே இருக்கு. சமையலறைக் குழாய் ஒழுகிக்கிட்டே இருந்துச்சு, ஆளைக் கூப்பிட்டு மாத்திட்டேன். மேல் வீட்டுக்காரங்க காலி பண்ணிட்டுப் போயிட்டாங்க. அவங்க நாற்காலியை இழுக்கிற சத்தத்துக்கு உங்க அப்பா எத்தனை தடவை துடைப்பக் கட்டையால கூரையைத் தட்டியிருப்பார், உனக்கு ஞாபகம் இருக்கும். இப்ப மேல ஒரு சத்தமும் இல்லை. ஒருநாள் நானே நம்ம நாற்காலியைத் தரதரன்னு இழுத்துப் பார்த்தேன்னா பார்த்துக்கோ. நான் வேலை பார்க்கிற துணிக்கடையில அதே கீழ்த்தளம், அதே மூலை, அதே தையல் மெஷின். முன்னாடியெல்லாம் பேன்ட் வாங்கினவங்க அளவு கொடுக்க என்கிட்ட இறங்கி வருவாங்க, ரெண்டு வார்த்தை பேசுவாங்க, வயிறு பெருத்துப் போச்சுன்னு வெட்கப்படுவாங்க. இப்ப மேலேயே குண்டூசி குத்திப் பையில போட்டு அனுப்பிடறாங்க. துணி வருது, ஆள் வர்றதில்லை. சில நாள் காலையில வாயைத் திறந்தா சாயங்காலம் பஸ்ல டிக்கெட் கேட்கத்தான் மறுபடி திறக்கிறேன், குரலே கரகரன்னு வருது. நீ கவலைப்படணும்னு இதைச் சொல்லலை, இது தெரிஞ்சாத்தான் அடுத்தது உனக்குப் புரியும்.

வேலை முடிஞ்சு நேரா வீட்டுக்கு வரப் பிடிக்காம, போற வழியில இருக்கிற ஐஸ் ரிங்க்ல இறங்கி உக்கார ஆரம்பிச்சேன். நீ பிளேடு வச்ச ஷூவை மாட்டிக்கிட்டு ஐஸ் தரையில ஹாக்கி விளையாடின அதே ரிங்க்தான். உள்ள குளிரும், ஆனா விளக்கு வெளிச்சமும் பசங்க கத்துறதும் இருக்கும். பிள்ளைங்களைக் கூட்டிட்டு வந்த அம்மாக்கள் வரிசையா உக்காந்திருப்பாங்க, நானும் ஓரமா உக்காந்துப்பேன். ஒருநாள் பக்கத்துல இருந்த பொண்ணு, நல்ல வாட்டசாட்டமா, பஸ் ஓட்டுற வேலை பார்க்கிறவ, உங்க பிள்ளை எந்த நம்பர் சட்டைன்னு கேட்டா. என் பிள்ளை இங்க இல்லை, வளர்ந்து தூரத்துல வேலைக்குப் போயிட்டான், சும்மா பார்க்க வந்தேன்னு சொன்னேன். சொல்லும்போதே, யாரோ வீட்டுக் கல்யாணத்துல கூப்பிடாம போய் உக்காந்துட்ட மாதிரி ஒரு கூச்சம். அவ தன் மடியில கிடந்த கம்பளியில பாதியை என் முட்டி மேல இழுத்துப் போட்டா. அப்புறம் ஞாயித்துக்கிழமை சாயங்காலம் நாங்க கொஞ்சம் பொம்பளைங்க சேர்ந்து ஹாக்கி பழகறோம், வாங்களேன்னா. எனக்கு வயசாச்சு, நிக்கவே வராதுன்னேன். எங்கள்ல யாருக்கு வருது, அங்க உறுதியா நிக்கிறது கோல் கம்பம் மட்டும்தான்னு சொல்லிச் சிரிச்சா.

இப்பத்தான் நீ திட்டப்போற இடம் வருது. உன் பழைய ஸ்கேட்டை அலமாரி மேல்தட்டுல இருந்து இறக்கினேன். புதுசு எதுக்கு, வீட்டுல சும்மாதானே கிடக்குன்னு நினைச்சேன். அது மட்டும் காரணம் இல்லை, உன்னோடதைப் போட்டுக்கிட்டுப் போகணும்னு ஒரு ஆசை. உன் கால் என் காலை விட நல்ல நீளம், எனக்குக் குட்டைக் கால், பாதம் வேற அகலம். அதனால முன்னாடி பஞ்சு அடைச்சேன், கம்பளி சாக்ஸ் ஒண்ணு மேல ஒண்ணா மாட்டினேன். துணின்னா பெரிசா இருந்தா ஒரு பிடி பிடிச்சுத் தைச்சுடலாம், அந்தப் புத்தியிலேயே இதையும் நினைச்சுட்டேன். ஐஸ்ல கால் வச்சதும் ஷூ ஒரு பக்கம் போகுது, உள்ள என் கால் இன்னொரு பக்கம் போகுது. அடி எடுத்தா குதிகால் மட்டும் மேல வருது, ஷூ அங்கேயே நிக்குது. கணுக்கால் ரெண்டும் உள்பக்கமா மடங்கி, பிளேடு படுத்துக்கிச்சு. லேஸை இன்னும் இறுக்கினேன், இறுக்க இறுக்கப் பாதம் மரத்துப்போச்சே தவிர பிடிமானம் வரலை. கணுக்கால் எலும்பு மேல கொப்புளம் உடைஞ்சு சாக்ஸ் ஒட்டிக்கிச்சு. அதோட ரெண்டு ஞாயிறு போனேன். ரெண்டாவது ஞாயிறு விழுந்து மணிக்கட்டு வீங்கிப்போச்சு. அந்த வாரம் நீ போன் பண்ணும்போது பாத்திரம் கழுவிக்கிட்டு இருக்கேன், அப்புறம் பேசறேன்னேனே, பாத்திரமும் இல்லை ஒண்ணும் இல்லை, ஐஸ் கட்டியைத் துணியில சுத்திக் கையில வச்சுக்கிட்டு உக்காந்திருந்தேன். இப்ப சுத்தமா சரியாயிடுச்சு. தையலும் போடறேன். பயப்படாதே.

பஸ் ஓட்டுற பொண்ணுதான் விடாம ரிங்க் பக்கத்துல இருக்கிற ஸ்கேட் கடைக்கு இழுத்துட்டுப் போனா. சின்னக் கடை, சாணை பிடிக்கிற மெஷின் சத்தம், ரப்பரும் வியர்வையும் கலந்த வாசனை. கடைக்காரர் சிடுமூஞ்சி. உன் ஸ்கேட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்துட்டு இதுல உங்களுக்கு எது பொருந்துதுன்னு போட்டீங்கன்னார். கலருன்னு சொன்னேன். சிரிக்கலை. சாக்ஸையெல்லாம் கழட்டச் சொல்லி, வெறுங்காலோட அளவுப்பலகை மேல நிக்க வச்சு நீளம், அகலம் ரெண்டையும் எடுத்தார். வெளியில போடற செருப்பை விட ஸ்கேட் சின்ன அளவாத்தான் இருக்கணுமாம், மெல்லிசா ஒரே ஒரு சாக்ஸ் போதுமாம். எனக்கு அதிசயமா இருந்துச்சு. நிமிர்ந்து நின்னா விரல் நுனி முன்னாடி லேசா உரசணும், முட்டியை மடக்கினா குதிகால் பின்னாடி போய் உக்காந்து விரல் விலகணும், குதிகால் மட்டும் எந்தக் காரணத்துக்கும் மேல வரவே கூடாதுன்னார். உனக்கு இதெல்லாம் தெரிஞ்சிருக்கும். உனக்கு வாங்கினப்ப அப்பாதான் உன்னோட வந்தார், அதனால நான் இதைக் கேட்டதே இல்லை.

அப்ப அந்தப் பொண்ணு நல்ல எண்ணத்துலதான் கேட்டா, ஷூவை இந்தக் கடை அடுப்புல சூடு பண்ணி இளக்கி மறுபடி கால் வடிவத்துக்கு வார்க்கலாமே, இதையே இவங்க காலுக்குப் பண்ண முடியாதான்னு. கடைக்காரர் உள்ள கையை விட்டுத் தடவிப் பார்த்தார். அளவு பெரிசு, நீளத்தை ஒண்ணும் பண்ண முடியாது, ஆனா உள்ள பஞ்சுமெத்தை ஒட்டி, சூடு பண்ணி வார்த்தா பழகற வரைக்கும் ஓட்டலாம்னார். இது போட்டவரோட காலுக்கு நல்லா படிஞ்சிருக்கு, கணுக்கால் உக்காந்த குழிகூடத் தெரியுது, சூடு பண்ணினா அது போய் உங்களோடது வந்துடும்னு சொல்லி, தொட்டுப் பாருங்கன்னு என்கிட்ட நீட்டினார். கையை உள்ள விட்டேன் கண்ணா. வெளிப்பக்கம் ஒரு குழி, உள்பக்கம் அதுக்குச் சரியா கொஞ்சம் மேல தள்ளி இன்னொரு குழி. குதிகால் வழவழன்னு தேய்ஞ்சு கிடந்துச்சு. உன் கணுக்கால்தான் அது. குளிக்க வச்சுத் துவட்டிவிட்ட கால், எனக்குத் தெரியாதா. நான் சூடு பண்ண வேண்டாம்னு சொல்றதுக்குள்ள அவர் அடுப்புப் பக்கம் திரும்பினார். அவர் வேற எதையோ எடுக்கத்தான் திரும்பியிருக்கார், அது எனக்கு எங்க தெரியும், பிள்ளையைப் பறிக்க வந்தவன்கிட்ட இருந்து பறிக்கிற மாதிரி வெடுக்குனு அவர் கையில இருந்து பிடுங்கிட்டேன். கடையில இருந்த நாலு பேரும் திரும்பிப் பார்த்தாங்க. வெட்கமாப் போச்சு. ஆனா விடலை, மடியிலேயே வச்சுக்கிட்டேன். எனக்குன்னு ஒண்ணு கொடுங்கன்னு சொன்னேன்.

அவர் உள்ள போய் அகலப் பாதத்துக்குன்னு ரெண்டு மூணு ஜோடி கொண்டு வந்து போட்டுப் பார்த்தார். ஒண்ணுல சுண்டுவிரல் நசுங்குச்சு, ஒண்ணுல குதிகால் ஆடுச்சு. கடைசியில ஒண்ணு சரின்னு சொல்லி அதை அடுப்புல வச்சு, வெதுவெதுன்னு எடுத்து என் காலுக்கு மாட்டிவிட்டார். ஆற வரைக்கும் எழுந்திரிக்கக் கூடாதுன்னார். கீழ மண்டி போட்டு உக்காந்து, என் குதிகாலை உள்ளங்கையில ஏந்தி ரெண்டு தட்டு தட்டிப் பின்னாடி உக்கார வச்சு, விரல்கிட்ட லேசாவும் கணுக்கால் வளைவுல அழுத்தமாவும் ஒவ்வொரு ஓட்டையா லேஸ் இழுத்தார். அவர் வேலையை அவர் பார்த்தார், அவ்வளவுதான். ஆனா அப்பா போனதுக்கு அப்புறம் என் காலை யாரும் தொட்டதில்லைன்னு அப்பத்தான் எனக்கு உறைச்சுது. சூடு கணுக்காலைச் சுத்தி இதமா ஏறுச்சு. கண்ணுல தண்ணி வந்துடுச்சு. எங்க அழுத்துது, எங்க வலிக்குதுன்னு பதறிப்போய் லேஸைத் தளர்த்தினார் பாவம். வலிக்கலை, சரியா இருக்குன்னேன். சரியா இருந்தா யாரும் அழமாட்டாங்களேன்னு முணுமுணுத்துக்கிட்டே மறுபடி கட்டினார். பஸ் ஓட்டுற பொண்ணு ஜன்னல் பக்கம் திரும்பி நின்னுக்கிட்டா, நல்லவ.

புது ஸ்கேட் முதல்ல கடிக்கத்தான் செஞ்சுது. வீட்டுல பிளேடுக்கு உறை போட்டு, டிவி பார்க்கும்போது மாட்டிக்கிட்டு உக்காந்து பழக்கினேன். போன ஞாயிறு எங்களுக்குள்ளேயே ரெண்டு கட்சி பிரிச்சு ஒரு ஆட்டம் ஆடினோம். நான் கோல் எல்லாம் போடலைப்பா, கற்பனை பண்ணாதே. பக்னு சொல்ற அந்த ரப்பர் வட்டு என்கிட்ட வந்துச்சு, தள்ளினேன், தப்பான ஆளுக்குப் போச்சு. ஆனா கீழ குனிஞ்சு காலைப் பார்க்காம நின்னேன். கால் இருக்கிறதே ஞாபகம் இல்லை. ஆட்டம் முடிஞ்சு ஒவ்வொருத்தரையும் அவங்க வீட்டு ஆளுங்க தடுப்புக் கண்ணாடியைத் தட்டித் தட்டிக் கூப்பிட்டாங்க. எனக்கு யாரும் தட்டலை. கொஞ்ச நேரம் மூச்சு வாங்கற மாதிரி ஐஸ் நடுவுலேயே நின்னுட்டு, எல்லாரும் போனப்புறம் வெளிய வந்தேன். பொய் சொல்ல மாட்டேன், அந்த நேரம் கஷ்டமாத்தான் இருந்துச்சு. வீட்டுக்கு வந்து யார்கிட்டயாவது சொல்லணும்னு இருந்துச்சு, அதான் உனக்கு எழுதறேன்.

உன் ஸ்கேட்டைத் துடைச்சு, பஞ்சையெல்லாம் எடுத்துட்டு, பழைய இடத்துலேயே வச்சுட்டேன். இனிமே ஞாயித்துக்கிழமை சாயங்காலம் போன் பண்ணாதே, நான் ரிங்க்ல இருப்பேன், அடிச்சு அடிச்சு ஓயும். சனிக்கிழமை பண்ணு. முடியலைன்னா வேற நாள் பண்ணு, வேலையைக் கெடுத்துக்காதே. வெறும் வயித்துல காபியைக் குடிச்சுட்டு ஓடாதே. நீ எங்க இருந்தாலும் நோய் நொடி இல்லாம, நல்ல மனுஷங்க சூழ, மனசு நிறைஞ்சு இருக்கணும். அப்பாவோட ஆசியும் என்னோட ஆசியும் உனக்கு எப்பவும் உண்டு.

ஒண்ணு மட்டும் மறந்துடாம எழுது. கடைக்காரர் பேச்சுவாக்குல உங்க பையன் இப்ப என்ன அளவு போடறார்னு கேட்டார். உன் கால் அளவு என்னன்னு எனக்குத் தெரியலைடா. வாங்கித் தர்றதுக்காகக் கேட்கலை, சும்மா தெரிஞ்சுக்கணும்.

அன்போட,
அம்மா