அண்ணனுக்கு வேறு, எனக்கு வேறு

பிப்ரவரி 9, வெள்ளி

பள்ளிக்கு விடுப்பு. திருவனந்தபுரம் ஆஸ்பத்திரியில் சதைப் பரிசோதனை முடிவு சொன்னார்கள். நுரையீரல் புற்றுநோய். பீடியைத் தொட்டுக்கூடப் பார்க்காத எனக்கா? "பீடி பிடிக்காதவங்களுக்கும் வரும்" என்றார் டாக்டர். அழுகை வரவில்லை. "எந்த வகை?" என்றுதான் கேட்டேன். கணக்கு டீச்சர் புத்தி. அவர் ஒரு தாளில் படம் போட ஆரம்பித்துவிட்டார்.

பிப்ரவரி 10

அந்தப் படத்தையே பார்த்துக்கொண்டிருக்கிறேன். பெரிய வகை இரண்டு: சிறுசெல், சிறுசெல் அல்லாதது. இதெல்லாம் ஒரு பெயரா! என் பிள்ளைகள் இப்படி எழுதினால் மார்க் போடமாட்டேன். இரண்டாவதற்குள் அடினோ, ஸ்குவாமஸ், பெரிய செல் என்று மூன்று. எனக்கு அடினோ. புகைக்காதவர்களுக்கு அதிகம் வருவது இதுதானாம்.

கடலுக்குப் போகும் என் அண்ணன் ததேயுஸுக்குப் போன வருடம் வந்தது சிறுசெல். பீடி அவனை விட்டதே இல்லை. கீமோவும் கதிர்வீச்சும் கொடுத்தார்கள், கத்தி வைக்கவில்லை. கைவிட்டுவிட்டார்கள் என்று அன்று வீடே அழுதது. அது வேகமாகப் பரவும் வகை, வெட்டி எடுப்பதில் பெரும்பாலும் பயனில்லை, மருந்துக்குச் சட்டென்று சுருங்கும் — இது நேற்றுதான் தெரிந்தது. சிக்கல், திரும்பியும் வருமாம்.

அடினோவைத் தொடக்கத்திலேயே கண்டால் அறுவை சிகிச்சை உண்டு. எனக்கு நுரையீரலைச் சுற்றி நீர் கட்டிவிட்டது, அந்த வழி இல்லை. மரபணு மாற்றம் ஏதாவது இருக்கிறதா என்று பார்க்கிறார்கள்.

பிப்ரவரி 27

மரபணு மாற்றம் இருக்கிறது! இதற்குப் போய்ச் சந்தோஷப்படும் பைத்தியம் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். செல்லை ஓயாமல் வளரச் சொல்லும் கோளாறு அது. அதை அடக்க மாத்திரை உண்டு. தினமும் ஒன்று.

ஏப்ரல் 18

கட்டி பாதியாகிவிட்டது. நீர் இல்லை. மாத்திரையால் முகமெல்லாம் பரு, நகக்கண்ணில் வலி. போகட்டும்.

அண்ணனுக்குத் திரும்ப வந்துவிட்டது.

ஏப்ரல் 21, ஞாயிறு

பூசை முடிந்ததும் அண்ணன் மனைவி, செல்லபாய் மைனி, என் வீட்டுக்கு வந்தாள். கல்ஃபிலிருந்து யாருக்காவது மாத்திரை டப்பா வந்தால் எங்கள் தெருவே பங்கு போடும். யாருக்கு முட்டுவலி, யாருக்குத் தலைவலி என்று கேட்டுக் கொடுப்போம், மீன்குழம்பு கொடுப்பது மாதிரி. அந்தப் பழக்கத்தில்தான் கேட்டாள்.

"ஒனக்க குளிகையில கொஞ்சம் தா மக்கா. ரெண்டு பேருக்கும் ஒரே சீக்குதானே. இனி கீமோ வேண்டாம், தங்கச்சிக்க குளிக போதும்னு ஒனக்க அண்ணன் பறயுதாரு."

"அது அண்ணனுக்குக் கேக்காது மைனி."

"கேக்காதா? இல்ல, நீ தரமாட்டியா?"

போய்விட்டாள். கொடுத்துத் தொலைச்சிருக்கலாமோ? இல்ல. அத நம்பி அவன் வீட்டுல இருந்தா, நோய் அவனுக்காகக் காத்துக்கிட்டா இருக்கும்? எனக்குன்னு ஒரு மருந்து வந்துச்சே, எங்க அண்ணனுக்கு ஏன் வரல?

ஏப்ரல் 22

டாக்டருக்குப் போன் செய்தேன். அண்ணனுக்கும் அந்தச் சோதனை செய்தால் என்ன? "சிறுசெல்லில் அந்த மாற்றம் ரொம்ப அபூர்வம். அதைத் தேடி நாளைக் கடத்தாதீங்க. வேற கீமோ இருக்கு, உடனே கூட்டிட்டு வாங்க."

ஏப்ரல் 24

இராஜாக்கமங்கலத்தில் அண்ணன் வீட்டுக்குப் போய், டாக்டர் போட்ட படத்தை விரித்துச் சொன்னேன். கடைசிவரை கேட்டான். பிறகு மைனியைப் பார்த்துச் சிரித்தான்.

"ஏட்டி, சாளைக்குப் போடுத வலையில சுறா நிக்குமா? எனக்க மீனு வேற, அவளுக்க மீனு வேற. வண்டிய வரச்சொல்லு, போவோம்."

மைனி உள்ளே போனவள் வெளியே வரவில்லை. காப்பியும் வரவில்லை.

ஜூன் 6

அண்ணனுக்குப் புதுக் கீமோவில் இரண்டாவது தவணை. மீன் ருசி மறுபடி தெரிகிறது என்றான். பக்கத்துப் படுக்கைக்காரருக்கு ஸ்குவாமஸ். கீமோவோடு, உடம்பின் எதிர்ப்புச் சக்தியையே தட்டி எழுப்பும் மருந்தும் அவருக்கு ஏறுகிறது. அது எப்படி எதிரியை அடையாளம் காண்கிறது என்று நர்சை விடாமல் கேட்டேன். "இவ சும்மா இருக்கமாட்டா சிஸ்டர்" என்றான் அண்ணன்.

ஜூலை 3

மைனி இன்னும் என்னோடு பேசவில்லை.

செப்டம்பர் 14

அண்ணனை அடக்கம் செய்தோம்.

அக்டோபர் 22

இன்று எனக்கு ஸ்கேன். பஸ் ஸ்டாப்பில் மைனி நின்றாள். "நானும் வாறேன்" என்றாள். வழியெல்லாம் சன்னலோரம் உட்கார்ந்து வெளியே பார்த்தபடி வந்தாள்.

டாக்டர் அறையில் நான் வாய் திறக்கும் முன் அவளே கேட்டாள்: "இவளுக்கு அடினோதானே டாக்டரே? அந்தக் குளிக இப்பவும் கேக்குதா?"

டாக்டர் திரையை அவள் பக்கம் திருப்பிக் காட்டினார். கட்டி இன்னும் சிறுத்திருக்கிறது. ஒருநாள் மருந்துக்கு மசியாமல் போகலாம், அப்போது மறுபடி சோதித்து வேறு வழி பார்க்கலாம் என்றார். மைனி எல்லாவற்றுக்கும் தலையாட்டினாள்.

வெளியே வந்ததும் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"ஒனக்காவது கேட்டுதே மக்கா."