பேச்சு நின்றால் புள்ளி நகரும்

அண்ணே,

காலையில் வானம் கருத்துக்கொண்டு வந்தது. ஆணியில் தொங்கும் உங்கள் வேன் ரேடியோ மைக்கை எடுத்துத் துடைத்தேன். நீங்கள் போன பிறகு அண்ணி எனக்கென்று கொடுத்தது அது ஒன்றுதான். அதன் வாயில் இருக்கும் சின்னச் சின்ன ஓட்டைகளுக்குள் நீலகிரித் தைலத்தின் வாசம் இன்னும் போகவில்லை. நீங்கள் கைக்குட்டையில் நனைத்து எந்நேரமும் மூக்கருகே வைத்திருந்த தைலம். முகர்ந்ததும் அந்தப் பழைய பயம் எழுந்து உட்கார்ந்துகொண்டது. மைக்கை மறுபடி ஆணியில் மாட்டிவிட்டு இதை எழுத உட்கார்ந்தேன்.

ஆமாம் அண்ணே, எழுதுகிறேன். உங்கள் டிரைவர் மாயாண்டிதான். மாநகராட்சிப் பள்ளியில் சாயங்காலம் பெரியவர்களுக்கு வகுப்பு நடக்கிறது. அங்கே எழுபதைத் தாண்டியவன் நான் ஒருவன்தான். பேனாவை ஸ்டியரிங்கைப் பிடிப்பதுபோல் பிடிக்கிறேன் என்று கூட இருக்கும் பெண்கள் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும். ஒரு பக்கம் எழுத எனக்கு ஒரு பொழுது ஆகிறது. ஆனால் என்ன சந்தோஷம் தெரியுமா! தெருவில் நடந்தால் கடைப் பலகைகள் எல்லாம் என்னோடு பேசுகின்றன. ‘இங்கு பஞ்சர் ஒட்டப்படும்’ என்று நின்று வாசித்துவிட்டு, பஞ்சர் ஒட்டுகிறவரைப் பார்த்துச் சிரித்தேன். அவர் என்னைப் பைத்தியம் என்று நினைத்திருப்பார்.

கடைசியாகக் கைக்கு வந்த எழுத்து ‘ழ’. வாய்க்கு அது என்றைக்கும் வந்ததில்லை. உங்களுக்குத் தெரியாதா? “மளை இல்லய்யா, மழை. வீட்ல வேற பாஷை பேசுற எனக்கே வருது. பச்சத் தமிழன், ஒனக்கு வரல!” என்பீர்கள். “நீங்க வெலை குடுத்து வாங்குனீங்கண்ணே, எனக்குச் சும்மா வந்துச்சு, அதான் தேஞ்சுபோச்சு” என்பேன். அண்ணி உள்ளேயிருந்து சௌராஷ்டிரத்தில் ஏதோ சொல்லிச் சிரிப்பார்கள்.

முனிச்சாலைப் பக்கம் உங்கள் சாயப்பட்டறை. சாயம் தோய்த்த நூல் கட்டுகளை ஏற்றிக்கொண்டு மேலூர், திருமங்கலம் என்று வேன் ஓட்டினேன். வசூலுக்கு நீங்களும் கூட வருவீர்கள். பட்டறை நேரம் போக மற்ற நேரமெல்லாம் உங்களுக்கு ஹாம் ரேடியோதான், சொந்தச் செட்டு வைத்து ஊர் உலகத்தோடு பேசுவது. நீங்களும் அண்ணியும் இருவருமே பரீட்சை எழுதி லைசென்ஸ் வாங்கியவர்கள். வீட்டு மொட்டை மாடியில் குழாய் நட்டு, அதன் உச்சியில் ஆன்டெனா கட்டியிருந்தீர்கள்.

வேனுக்கும் ஒரு செட்டு வேண்டும் என்று முதலில் சொன்னவர் அண்ணி. பொழுதுபோக்குக்காக இல்லை. உங்களுக்கு இழுப்பு இருந்தது. சாயப் புகையோ மழைக் குளிரோ பட்டால் நெஞ்சு விசிலடிக்கும். வழியில் அப்படி ஆகி, பேசவும் முடியாமல் போனால், கூட இருப்பவனுக்கு ஊர்ப் பலகை வாசிக்கத் தெரியாது. எங்கே என்று தேடுவது? “எனக்கு இவரு பேசுறது மட்டும் கேட்டாப் பத்தாது. எங்க இருக்காருன்னும் தெரியணும்” என்று அண்ணி சொன்னபோது நான் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அந்தப் பயம் அன்றைக்கே எனக்கும் தொற்றிக்கொண்டது.

எந்தச் செட்டு என்று முடிவு செய்ய நீங்கள் எடுத்துக்கொண்ட காலத்தில் ஒரு பெண்ணுக்கு வரன் பார்த்து முடித்திருக்கலாம். கையில் பிடிக்கிற சின்னச் செட்டை வேனுக்குள் வைத்துப் பேசிப் பார்த்தோம். ஒத்தக்கடை தாண்டும் முன்பே குரல் செத்துவிட்டது. பேச்சும் இடம் சொல்வதும் ஒரே பெட்டிக்குள் அடங்கிய வெளிநாட்டுச் செட்டின் படத்தைக் காட்டினீர்கள். “எல்லாம் உள்ளுக்குள்ளயே இருக்கு. ஆனா ஒண்ணு படுத்தா எல்லாம் படுத்துரும்” என்று நீங்களே மூடி வைத்தீர்கள். அண்ணி, பேச ஒன்று, இடம் சொல்ல ஒன்று என்று இரண்டு செட்டு வைக்கச் சொன்னார்கள்.

“ரெண்டு ஆன்டெனாவும் ஒரே கூரையில பக்கத்துல பக்கத்துல நிக்கும். ஒண்ணு கத்துறப்ப இன்னொண்ணுக்குக் காதடைச்சுப் போகும்.”

“அப்ப ஒண்ணு வச்சா?”

“ஒண்ணு வச்சா முறை போட்டுக்கணும். பேச்சு நடக்குறப்ப இடம் போகாது. பேச்சு நின்னாத்தான் மேப்புல புள்ளி நகரும்.”

“அப்ப நீங்க இருக்குற வண்டியில புள்ளி நகரவே நகராது” என்றார்கள் அண்ணி. நான் சிரித்துவிட்டேன். நீங்கள் என்னை முறைத்தீர்கள்.

கடைசியில் அந்த ஒற்றைச் செட்டுதான். எங்கோ ஒரு டாக்ஸிக் கம்பெனி கழித்துவிட்ட நல்ல பலமான செட்டை வாங்கி உங்கள் அலைவரிசைக்கு மாற்றினீர்கள். தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிதாக ஒரு டப்பாவை நீங்களே பற்றவைத்துச் செய்து அதோடு சேர்த்தீர்கள். டேஷ்போர்டில் சாமி படத்துக்குப் பக்கத்தில் வடை அளவில் ஒரு கருப்பு வட்டு. அது வானத்தில் சுற்றும் செயற்கைக்கோள்களைக் கேட்டு நாம் நிற்கும் இடத்தைக் கண்டுபிடிக்கும். யாரும் பேசாத நேரம் பார்த்து, டப்பா அந்த இடத்தை ‘கர்ர்’ என்று ஒரு சத்தமாக அனுப்பும். வீட்டுக் கம்ப்யூட்டரில் அண்ணி பார்க்கும் வரைபடத்தில் புள்ளி நகரும்.

ஒயர் இழுக்கும்போது நமக்குள் சண்டை. சாவி போட்டால்தான் செட்டுக்குக் கரண்ட் வரவேண்டும், இல்லாவிட்டால் பேட்டரி இறங்கிவிடும் என்றேன். நீங்கள் கேட்கவில்லை. பேட்டரியிலிருந்தே நேராக இழுத்து நடுவில் ஃபியூஸ் வைத்தீர்கள். “வண்டி நின்னாலும் செட்டு நிக்கக்கூடாது மாயாண்டி.” இன்னொன்றும் சொன்னீர்கள். “மைக்கை நீ தொடாத. லைசென்ஸ் இல்லாம பேசுனா ஒன்னையும் என்னையும் சேத்துத் தூக்கிருவாங்க.” அன்று முதல் அந்த மைக்கைப் பாம்பைப் பார்ப்பதுபோல்தான் பார்த்து வந்தேன்.

அந்த ஐப்பசி மழை உங்களுக்கு மறந்திருக்காது. மேலூர்ப் பக்கம் கண்மாய் எல்லாம் முட்டி நின்றது. கிராமங்களில் போன் செத்துவிட்டதால், நீர் நிலவரம் பார்த்துச் சொல்ல கலெக்டர் ஆபீஸில் ஹாம் ஆட்களைக் கேட்டிருந்தார்கள். அண்ணி தடுத்தும் நீங்கள் கிளம்பினீர்கள். காலையெல்லாம் சுற்றி, பார்த்ததை எல்லாம் அண்ணிக்குச் சொல்லி முடித்துத் திரும்பும்போது பிற்பகல். பாலத்தின் மேல் தண்ணீர் போகிறது என்று சாலையை மறித்து நம்மைத் திருப்பிவிட்டார்கள். கல்குவாரி லாரிகள் போகிற பாதையில் புகுந்தேன். அங்கே எல்லாப் பாதையும் ஒன்றுபோலவே இருந்தது. மழை இறுகி வந்தது. நீங்கள் வழக்கம்போல் மைக்கில் அண்ணியோடு பேசிக்கொண்டே வந்தீர்கள். இரண்டு மூன்று இடத்தில் திரும்பிய பிறகு, முன்னால் பாதை தண்ணீருக்குள் போய்விட்டது.

இடது பக்கம் ஒரு கல் நட்டிருந்தது. அதற்கு அப்பால் ஒரே மட்டமாகத் தண்ணீர் விரிந்து கிடந்தது. அலை இல்லை, ஓட்டம் இல்லை. அடியில் பாறைத் தரைதான், முழங்கால் ஆழம்தான் இருக்கும் என்று கணக்குப் போட்டேன். அக்கரையில் மேடேறும் பாதை தெரிந்தது. கல்லை ஒட்டி இறக்கிச் சுற்றிக்கொண்டு போய்விடலாம்.

அப்போதுதான் உங்கள் நெஞ்சு விசிலடிப்பது கேட்டது. சட்டைப் பையிலிருந்து பம்ப்பை எடுத்து வாயில் வைத்து அழுத்தினீர்கள். வெறும் காற்று வந்தது. உதறி மறுபடி அழுத்தினீர்கள். உதடு சாயம் போன துணி நிறத்துக்கு வந்துகொண்டிருந்தது. நீங்களே மைக்கை எடுத்து என் கையில் திணித்தீர்கள்.

“அண்ணி, நான் மாயாண்டி. அண்ணனுக்கு இளுக்குது. பம்ப்பு தீந்துபோச்சு. ஓவர்ங்க.”

“எந்த ஊரு? எங்க இருக்கீங்க? ஓவர்.”

“தெரியலண்ணி. மளை மறைக்குது. குவாரிக் காடு. எங்கிட்டுப் பாத்தாலும் தண்ணி.”

“புள்ளி பழைய எடத்துலயே நிக்குது மாயாண்டி. ஆளுங்க யாராவது? பலகை, கல்லு ஏதாவது?”

“ஒரு கல்லு இருக்குண்ணி.”

“என்ன எழுதியிருக்கு?”

“எழுத்து இருக்கு அண்ணி.”

எனக்கு வாசிக்கத் தெரியாது என்பது அண்ணிக்கு அப்போதுதான் நினைவுக்கு வந்தது. “மொத எழுத்து எப்படி இருக்கு, அதச் சொல்லு” என்றார்கள்.

“யானை தும்பிக்கையைச் சுருட்டுன மாதிரி…”

“அவனியாபுரம் போர்டு பாத்திருக்கேல்ல? அதுல மொத எழுத்து மாதிரியா?”

“அதேதாண்ணி! ஆனா கீள வாலு ஒண்ணு சுத்திக் கெடக்கு.”

“அப்ப ‘ஆ’. ஆவுல என்ன ஊரு… ஆவுல…” அண்ணி வாய்க்கு வந்த ஊர்களை எல்லாம் சொல்லத் தொடங்கினார்கள். நான் குறுக்கே விழுந்து வேப்பமரம், கற்குவியல், உடைந்த கொட்டகை என்று கண்ணில் பட்டதை எல்லாம் சொன்னேன். எந்தக் குவாரியில் வேப்பமரம் இல்லை? பேச்சை விட்டால் உங்கள் உயிரும் விட்டுப்போகும் என்று எனக்குத் தோன்றிவிட்டது. அண்ணிக்கும் அப்படித்தான் இருந்திருக்கும். இருவரும் மாறி மாறி உங்களை வார்த்தையால் பிடித்துத் தொங்கிக்கொண்டிருந்தோம்.

“அண்ணே, நீங்க வாசிங்கண்ணே! என்ன ஊருன்னு போட்டிருக்கு?” என்று கத்தினேன். கண்ணாடி வழியே அந்தக் கல்லையே பார்த்தீர்கள். இல்லை என்பதுபோல் தலையை மட்டும் ஆட்டினீர்கள். சொல்ல மூச்சில்லை என்று நினைத்தேன். இனிப் பேசிப் பயனில்லை, தண்ணீரில் இறக்கிவிட வேண்டியதுதான் என்று கியரைப் போட்டேன்.

நீங்கள் பாய்ந்து சாவியைத் திருகிப் பிடுங்கினீர்கள்.

எஞ்சின் செத்தது. வைப்பர் பாதிக் கண்ணாடியில் நின்றது. “சாவி குடுங்கண்ணே! முளங்கால் தண்ணிதான், அந்தப் பக்கமா தாண்டிரலாம்!” சாவி உங்கள் மூடிய கைக்குள் இருந்தது. மூச்சில்லாத மனிதருக்கு அம்புட்டு பலம் எங்கிருந்து வந்தது? மற்றக் கையால் மைக்கைப் பிடுங்கி, அழுத்தி, இரண்டே மூச்சில் சொன்னீர்கள்.

“பேசாதீங்க… ரெண்டு பேரும்.”

பிறகு மைக்கை மடியில் வைத்துக்கொண்டு, உதட்டின் மேல் விரலை வைத்தீர்கள்.

அண்ணே, என் வாழ்நாளில் நான் அப்படிப் பயந்ததில்லை. கூரையில் மழை. பக்கத்தில் உங்கள் நெஞ்சு, இழுத்து இழுத்து, நடுவில் ஒரு நொடி நின்று, மறுபடி இழுத்து. நிற்கிற ஒவ்வொரு முறையும் என் கை மைக்குக்குப் போனது. நீங்கள் கண்ணாலேயே தடுத்தீர்கள். சாமி படத்தைப் பார்த்தேன். சாமியிடம்கூட வாய்விட்டுச் சொல்லப் பயமாக இருந்தது, அதுவும் குறுக்கே விழுந்துவிடுமோ என்று.

டப்பாவில் சிவப்பு விளக்கு ஒரு தரம் கண் சிமிட்டியது. ‘கர்ர்.’ வண்டிதான் நின்றிருந்தது, செட்டு நிற்கவில்லை.

மறுபடி மழைச் சத்தம். மறுபடி உங்கள் மூச்சு. பிறகு அண்ணி: “புள்ளி வந்துருச்சு. தெரியுது எனக்கு. போன் போட்டுச் சொல்லிட்டு வாரேன். அசையாதீங்க. இனி நானும் பேச மாட்டேன்.”

வெளிச்சம் இருக்கும்போதே பின்பக்கமாக டிராக்டர் வந்தது. உங்களைத் தார்ப்பாயில் சுற்றித் தூக்கிப் போனார்கள். நானும் கூடவே ஏறிவிட்டேன். வேனைப் பிற்பாடு யாரோ கொண்டுவந்து விட்டார்கள். மேலூர் ஆஸ்பத்திரியில் முகமூடி வைத்துப் புகை மருந்து கொடுத்த பிறகு நீங்கள் கண்ணைத் திறந்தீர்கள்.

“சாவியை ஏண்ணே புடுங்குனீங்க?” என்று கேட்டேன்.

“டீசல் விக்கிற வெலையில வண்டிய ஓடவிட்டு அரட்டை என்னய்யா?” என்றீர்கள்.

அதற்குப் பிறகும் பல வருடம் நாம் ஒன்றாகப் போனோம், வந்தோம். அந்தப் பக்கம் மட்டும் போகவில்லை. அந்தக் கல்லில் இருந்தது என்ன ஊர் என்று உங்களிடம் கேட்க எனக்கு வெட்கம். நீங்களும் சொல்லவில்லை. நான் படித்திருந்தால் அந்த ஊர்ப் பேரை ஒரு வார்த்தையில் சொல்லி, உங்களை அம்புட்டு நேரம் தவிக்க விட்டிருக்க மாட்டேன் என்ற நினைப்பு எனக்குள் கிடந்துகொண்டே இருந்தது.

போன மாதம் தனியாகப் போனேன். மேலூரில் பஸ் இறங்கி, ஷேர் ஆட்டோ பிடித்து, கேட்டுக் கேட்டு நடந்தேன். வேப்பமரம் இல்லை. கல் இருக்கிறது, கொஞ்சம் சாய்ந்துபோய். மஞ்சள் வண்ணம் உதிர்ந்துவிட்டது, வெட்டின எழுத்து உதிரவில்லை. பரீட்சைக்கு நிற்பவன்போல் கையைக் கட்டிக்கொண்டு நின்று எழுத்துக் கூட்டினேன். ‘ஆ’. தும்பிக்கையும் வாலும். அடுத்தது கடைசியாகக் கற்ற எழுத்து. ‘ழ’. ‘ம்’.

ஆழம்.

கீழ் வரியில்: இறங்காதே.

ஊர்ப் பேர் இல்லை அண்ணே. வாசித்துவிட்டேன் என்ற சந்தோஷத்தில் முதலில் சிரித்தேன். சத்தமாகவே சிரித்தேன். பிறகு கல்லைத் தாண்டி இரண்டு எட்டு வைத்து எட்டிப் பார்த்தேன். முழங்கால் தண்ணீர் என்று நான் கணக்குப் போட்ட இடத்தில், பாறையைச் செங்குத்தாக அறுத்து எடுத்த குழி. பனைமரத்தை நட்டால் தலை தெரியாது. அடியில் பச்சைத் தண்ணீர். அன்றைக்கு வர வேண்டிய பயம் அப்போதுதான் வந்தது. கல்லைக் கட்டிக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

நீங்கள் வாசித்திருக்கிறீர்கள். சொல்லாமல் இருந்ததும் புரிகிறது. தண்ணீரைக் கண்டு பயந்த டிரைவரால் மறுநாள் வண்டி எடுக்க முடியுமா? அதனால் டீசல் விலையைச் சொன்னீர்கள்.

இப்போதும் சில நாள் பயம் வருகிறது. ராத்திரி யாரையாவது கூப்பிட வேண்டும்போல் இருக்கும். அப்போது உதட்டில் விரலை வைத்துக்கொண்டு கிடக்கிறேன். உங்கள் விரல்தான் அது. கொஞ்ச நேரத்தில் உள்ளே எங்கேயோ ‘கர்ர்’ என்று கேட்கிறது. நான் இருக்கும் இடம் யாருக்கோ தெரிந்துவிட்டது என்று தூங்கிப்போகிறேன்.

தாள் முடியப்போகிறது. வெளியே பிடித்துக்கொண்டது. வாசலில் நின்று வாய்விட்டுச் சொல்லிப் பார்த்தேன், இரண்டாம் தரம் சரியாக வந்தது.

மழை, அண்ணே.